தெரசா சிரித்த போர்டு

இப்பல்லாம் எவனும் சாமானைத் தட்டிப் பார்த்து வாங்குவதில்லை. டி.வி.யில் ஒரு பொம்பளை பல்லைக் காட்டினால் போதும், அது மிக்ஸியோ ஃபேனோ, தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறான். இப்படி முணுமுணுத்துக்கொண்டேதான் ராயப்பன் ஆவடி மார்க்கெட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினார்.

இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் பெண்சாதி தெரசா, பளபளவென்று சேலை கட்டிக்கொண்டு, ரோட்டோரத்தில் நின்று போகிறவன் வருகிறவனையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிட்டே போனார். ஆள் இல்லை, போர்டு. மிக்ஸி, ஃபேன் விற்கும் தேவராஜ் கடை வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. எழுத்துக் கூட்டிப் படித்தார்.

‘முத்தாபுதுப்பேட்டை தெரசா அக்கா சொல்றாங்க: எங்க வீட்டுக்கு வெண்புறா வாஷிங் மிஷின் வந்தாச்சு! துவைக்கிற கல்லுக்கு லீவு விட்டாச்சு!’

காலையில் அதே தெரசா அதே கல்லில் அவர் வேட்டியை அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

“டேய் தேவராஜு! எங்க ஊட்டு வாசப்படிய மிதிச்சிருக்கியா நீ? என் பொஞ்சாதி உன்னாண்ட வந்து சொன்னாளா?”

“உக்காரு அண்ணாத்தே. கம்பெனிக்காரன் எவளோ நடிகை படத்த அனுப்பிச்சான். அத்தப் பாத்து ஒருத்தனும் உள்ள வரல. நம்ம ஊரு மூஞ்சின்னா நம்புவான் பாரு. மாதா கோயில் திருவிழா போட்டோல அக்கா லட்சணமா கீது. பெயிண்டர் பாத்து எழுதிட்டான்.”

“எங்க ஊட்ல மிஷினே கெடையாதேடா! பொய்யி இல்ல இது?”

“விளம்பரம் அண்ணாத்தே.”

“அதாண்டா நானும் சொல்றேன்.”

பொய் பேசாத ராயப்பன் என்ற பெயர் ஒன்றுதான் அவர் சம்பாதித்தது. எடையில் ஏமாற்றிய ரேஷன் கடைக்காரனைத் தராசோடு கோயிலுக்கு இழுத்துப் போய்ச் சத்தியம் பண்ண வைத்த ஆள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாலு பேர், “மிஷினைக் காட்டுங்க” என்று வீட்டுக்கு வந்து நின்றால் அந்தப் பெயரும் போச்சு.

“அழிடா அத்த!”

“அழிச்சிட்டா போவுது. யோவ் வேலு!”

பெயிண்டர் வேலுசாமி சுண்ணாம்பு வாளியோடு ஏணியில் ஏறினான். மட்டையை முக்கி, சொட்டச் சொட்டத் தெரசாவின் நெற்றிக்கு நேரே கொண்டுபோனான்.

ராயப்பன் ஏணியைப் பிடித்து உலுக்கினார். “டேய்! உசுரோட கீறவ மூஞ்சில சுண்ணாம்பா அடிக்கிற? கைய ஒடிச்சுடுவேன்!”

“தார் பூசட்டுமா அண்ணாத்தே?”

“செருப்பு பிஞ்சிடும்! மூஞ்சிய உட்டுட்டு எழுத்த மட்டும் அழி.”

தேவராஜ் தாடையைச் சொறிந்தான். “அழிக்கலாம். அப்புறம் அக்கா இன்னாத்துக்கு ரோட்டப் பாத்து சிரிக்குதுன்னு கேட்டா, நீதான் பதில் சொல்லணும்.”

ராயப்பன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். மூஞ்சியை அழித்தால் அமங்கலம், எழுத்தை அழித்தால் அசிங்கம், ஒன்றும் செய்யாமல் விட்டால் பொய்.

“ஒரே வழிதான் கீது. போர்டுல இருக்கறத நெசமாக்கிடு. தவணைல தரேன்.”

ராயப்பன் கடைக்குள் போய், அங்கே நின்ற வெண்புறா மிஷினைத் தட்டினார். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். தலையை உள்ளே விட்டு, “உள்ள கல்லுமில்ல, கையுமில்ல. எது துவைக்கும்?” என்றார்.

“நீ கொல்லைல, குழாயாண்ட வெச்சிடு அண்ணாத்தே. அழுக்குத் தண்ணி நேரா முருங்க மரத்துக்குப் போயிடும்.”

உள்ளே இருந்த தலை ஆடியது. சரி என்கிறாரா, முட்டிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

வேலுசாமி மூன்று சக்கர மீன்பாடி வண்டியை மிதிக்க, முன் பலகையில் மிஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டே ராயப்பன் வீடு வந்து சேர்ந்தார். கை நிறையச் சோப்பு நுரையோடு தெரசா ஓடிவந்தாள்.

“அய்ய, இன்னா இது? யாரு கேட்டா இத்த?”

“யாரும் கேக்கல. ஊரெல்லாம் உன் மூஞ்சி நாறிப்போவாம இருக்கத்தான்! கண்டவனாண்ட போட்டோ குடுத்தவன் எவன்னு நாளைக்கு வெச்சுக்கறேன்.”

கொல்லையில் வைத்து ஓடவிட்டார்கள். மிஷின் சாமி வந்த மாதிரி ஆடி நின்றது. உள்ளேயிருந்து வந்த வேட்டியை ராயப்பன் வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறை ஒன்றுகூட அகப்படவில்லை.

“சோப்பு நல்ல சோப்பு. மிஷினு சும்மா சுத்துது, அவ்ளோதான். நான் நம்பமாட்டேன்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்த தெரசா, வண்டியில் ஏறப்போன பெயிண்டரைக் கூப்பிட்டாள்.

“வேலு, அடுத்து ஃபிரிட்ஜு போர்டுக்கு நான் எப்ப வந்து நிக்கணும்?”