கொடியில் காய்ந்த பேண்ட்

இப்போதெல்லாம் யாரும் காலைத் தரையில் வைப்பதில்லை. பக்கத்து வீட்டில் உப்பு வாங்கப் போகிறவனும் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டுதான் போகிறான்.

எனக்கு வண்டியில் நம்பிக்கை கிடையாது. அதை ஓட்டுகிற ஆளிடம் சுத்தமாகக் கிடையாது.

அப்படிப்பட்ட என்னைத்தான் யுஸ்தி பின்னால் ஏற்றிக்கொண்டாள்.

யுஸ்தி எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கிறவள். சின்னப் பெண். உயரம் என் நெஞ்சுக்கு வராது. இத்தனை நாள் தவளை மாதிரி ஒரு குட்டி வண்டி வைத்திருந்தாள். மழை பெய்தால் அது மலையூருக்கு ஏறாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். இவள் போய்ச் சேருவதற்குள் குழந்தை பிறந்து, பாலும் குடித்துத் தூங்கியிருக்கும்.

இப்போது ரூத்தெங் டவுனிலிருந்து ஒரு காட்டு வண்டி அனுப்பியிருக்கிறார்கள். கட்டை கட்டையாய் டயர். எருமைக் கொம்பு மாதிரி கைப்பிடி. அதில் ஏற அவளுக்கு ஒரு கல் வேண்டும். ஏறி உட்கார்ந்தால் இரண்டு காலும் அந்தரத்தில் ஆடும்.

நிலையத் தலைவர் ரொபினுஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மலையூர் போய்த் திரும்பி வரவேண்டும். துணைக்கு யாரை வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். வழியில் ஒரு தடவை வண்டி கீழே சாய்ந்தாலும் அது ஊசி போடும் ஃபாபிக்குப் போய்விடும். கைப்பிடி நுனி ஓட்டையில் மண் அப்பியிருந்தால் விழுந்தது தெரிந்துவிடும், என்னிடம் கதை விடாதே என்றார்.

முந்தின நாள் சாயங்காலம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். கொடியில் என் பேண்ட் காய்ந்துகொண்டிருந்தது, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடுவது. கேட்காமல் கொள்ளாமல் அதை உருவித் தன் தோளோடு சேர்த்துப் பிடித்தாள். அப்படியும் கால் பக்கம் தரையில் புரண்டது. விழுந்து விழுந்து சிரித்தாள்.

பெரிய மனுஷன் துணியை வைத்து விளையாடுகிற காலம்.

அப்புறம் கேட்டாள், "ஓப்பா, நாளைக்கு என்கூட வண்டியில வர்றீங்களா?"

ஊரில் எல்லாருக்கும் நான் ஓப்பாதான், தாத்தா. எனக்கு உடனே புரிந்துவிட்டது. வழி தெரிந்த ஆள் வேண்டியிருக்கிறது. அந்த மலையைச் சின்ன வயசிலிருந்து ஏறுகிறவன் நான். போவதற்கு ஒரே வழிதான். இருந்தாலும் தெரிந்தவன் தெரிந்தவன்தானே.

காலையில் நான் முதலில் ஏறி உட்கார்ந்தேன். அவள் கல்லைத் தேடவில்லை. என் முழங்காலை மிதித்து ஏறினாள்.

கிளம்பினோம். வண்டி ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் சாய்ந்தேன்.

முதல் திருப்பத்தில் காப்பிக்கொட்டை காயப்போட்ட பாயில் நாய் படுத்திருந்தது. வண்டி மெதுவானது. எனக்கு நம்பிக்கையில்லை. இரண்டு காலையும் ஊன்றிவிட்டேன். நாய் எழுந்து போனது.

ஓடைக்கு நடுவில் எருமை. காலை ஊன்றினேன். ஒரு செருப்பு தண்ணீரோடு போய்விட்டது.

கடைசி ஏற்றத்தில் சேறு. என்ஜின் நின்று வண்டி பின்னால் நழுவியது. நான் மாட்டைப் போல முக்கி நின்றேன். அவள் சாவகாசமாக மறுபடி கிளப்பினாள்.

அப்புறம் ஒரே முறுக்கு. மூங்கில் எல்லாம் இரண்டு பக்கமும் பறந்தது. ஒரு மேட்டில் ஏறி, தரையே இல்லாத இடத்தில் கொஞ்சம் போய், மறுபடி தரைக்கு வந்தோம். அவள் எங்கள் ஊர்க் கல்யாண வீட்டில் கத்துவது போல ஊளையிட்டாள். என் வாயிலிருந்தும் என்னமோ சத்தம் வந்தது. ஓப்பா சிரிக்கிறார் என்றாள்.

அது இருமல்.

மலையூரில் நிறைமாசக்காரி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து வண்டியைத் தடவிப் பார்த்தாள். இனிமேல் நீ வர்ற வரைக்கும் இவன் காத்திருப்பான் என்று வயிற்றைத் தட்டிக்காட்டினாள். யுஸ்திக்குக் காப்பி, எனக்கு ஒரு குவளை கள்ளுச் சாராயம்.

இறங்கும்போது இருமல் இன்னும் ஜாஸ்தியாக இருந்தது.

நிலையத்து வாசலில் கூட்டம். ரொபினுஸ் குனிந்து கைப்பிடி நுனிகளைப் பார்த்தார். விரலை விட்டுத் துழாவினார். சுத்தம். சாவியை அவள் கையில் வைத்தார். அவள் குதித்த குதியில், அதுவரை எட்டாத உயரத்துக்கெல்லாம் எட்டினாள்.

வழி தெரிந்த ஆள் பின்னால் இருந்தால் இப்படித்தான் என்று நான் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

ஃபாபிக்கு முகம் தொங்கிவிட்டது. தனக்கும்தான் நீளக் கால், தன்னைக் கூட்டிப்போயிருக்கலாமே என்று அவளிடம் கேட்டான். கால் எங்கே இதில் வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

யுஸ்தி சொன்னாள், "நீ என்னை நம்பிடுவ. காலைத் தூக்கி வச்சுக்கிட்டு ஜம்முனு உக்காந்திருப்ப. ஓப்பா யாரையும் நம்ப மாட்டாரு. வண்டி லேசா மெதுவானாலே ரெண்டு காலையும் ஊனிடுவாரு."

அவ்வளவு பேரும் சிரித்தார்கள். ரொபினுஸ் கூட.

கால் எட்ட சீட்டை வெட்டிக் குறைக்கச் சொல்லியிருக்கிறாளாம். சீட்டு வெட்டுகிற ஆள் வரும்வரை தினமும் வாருங்கள் ஓப்பா என்றாள். வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்றும் சொன்னாள். வேண்டாம் என்று ஒற்றைச் செருப்போடு நடந்தேன்.

வழிக்காகத்தான் கூப்பிட்டாள். நாலு பேர் முன்னால் அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு வெட்கம்.

பேண்டில் முழங்கால் வரைக்கும் சேறு. இப்போதே அலசிப் போட்டால்தான் காலைக்குள் காயும்.