கொஞ்சம் கொழுப்பு

“நுரையீரலுக்குக் கொழுப்பு எதுக்குடி?” என்று அக்கா கேட்டாள்.

“காத்துப்பை சுருங்கி ஒட்டிக்காம இருக்க.” என்றாள் தங்கை. கருவின் நுரையீரலை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தவள் அக்கா. அவளிடம் மழுப்ப முடியாது.

“அதைச் சுரக்கவைக்கிற மரபணுக்கள்?”

“ஆறு மாசத்துக்கு மேலதான் மெல்ல முழிக்கும். அவசரம்னா அம்மாவுக்கு ஊசி போட்டு எழுப்பணும்.”

“அதுக்கும் நேரமில்லைன்னா?”

“குழந்தைக்குக் குழாய் விட்டு, அந்தக் கொழுப்பை நாமளே மருந்தா கொடுக்கணும்.”

“கை நடுங்கினா?”

“நடுங்காது.”

“இப்பவே நடுங்குதே!”

தங்கை கையைப் பின்னால் மறைத்தாள்.

“ஆரம்பிக்கலாமா?” என்றார் பச்சைத் திரைக்கு அப்பால் நின்ற அறுவை மருத்துவர்.

மேசையில் படுத்திருந்த அக்கா கண்ணை மூடினாள். அவளுக்கு ஆறு மாதம் இப்போதுதான் முடிந்திருந்தது; ஆனாலும் குழந்தையை உடனே வெளியே எடுத்தாக வேண்டியிருந்தது. அன்று பணியில் இருந்த ஒரே குழந்தை மருத்துவர் தங்கைதான்.

“என் உசுரை உன்கிட்ட விடுறேன்டி.”

வெளியே எடுத்த குழந்தை அழவில்லை. நீலம் பாரித்துக் கிடந்தது. தங்கை குழாயைச் செலுத்தி மருந்தை விட்டாள். மார்பு அசையவில்லை.

“ஏண்டி பேச மாட்டேங்குற?” என்று திரைக்குப் பின்னால் அக்கா அலறினாள்.

தங்கை குழாய் வழியே மெல்லக் காற்றைச் செலுத்தினாள். அந்தச் சின்ன மார்பு மெல்ல ஏறியது, இறங்கியது, பிறகு தானாகவே மறுபடி ஏறியது.

“அக்கா... உன் பொண்ணு மூச்சு விடுறா.”