பதினேழாவது விலா

இன்னும் ஒரு ஸ்லேட்தான் பாக்கி.

பல நூறு வருடங்களுக்கு முன் மூழ்கிய கப்பல். இரண்டிரண்டு பேராக இறங்கி அதை அளந்து, எண்களை பிளாஸ்டிக் ஸ்லேட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டு மேலே வருவார்கள். தண்ணீருக்குள் பேச முடியாததால், ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதையும் அதிலேயே எழுதிக்காட்டுவார்கள். அதைப் பார்த்துக் கப்பலைத் தாளில் வரைவதும் என் வேலைதான். வரைந்ததும் பாத்திரம் தேய்க்கிற பவுடர் போட்டு ஸ்லேட்டைக் கழுவிவிடுவோம்.

நான்கு நாளாக இந்த ஒன்றை மட்டும் அடியில் தள்ளிக்கொண்டே வந்தேன். தோள் கடுக்கிறது. கண் எரிகிறது. விலா எலும்பு மாதிரி கப்பலைத் தாங்கும் விலாக் கட்டைகளில் பதினைந்து தாளில் வந்துவிட்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணி போனில் பேசினார். சொந்த அண்ணி இல்லை. எங்கள் மூத்த முக்குளிப்பவர் எல்லோருக்கும் அண்ணன் என்பதால், அவர் மனைவி எல்லோருக்கும் அண்ணி.

"இன்னிக்கும் இடது கால்ல நல்லாக் கிள்ளிப் பார்த்தேம்மா. கல்யாணமாகி பதினோரு வருஷத்துல இப்பத்தான் முதல் தடவையா என்னைத் திட்டாம இருக்காரு."

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"நாளைக்கு விசாரணையில எல்லாத்தையும் அவர் தலையிலயே கட்டிருவாங்களா?"

தெரியவில்லை என்றேன்.

அண்ணன் குறித்த நேரத்தைத் தாண்டி ஒன்பது நிமிடம் ஆழத்தில் இருந்துவிட்டார். மேலே வரும்போது ரத்தத்தில் குமிழ் கட்டி, கால் மரத்துப்போனது. சொந்தப் பிடிவாதம் என்று நாளை எழுதிவிட்டால் வேலை போகும். வைத்தியமும் அவர் பாடு. அவருக்கோ அன்று நடந்தது எதுவும் நினைவில்லை. கூட இறங்கிய ஆள் இதுவரை வாய் திறக்கவில்லை.

எங்கள் ஆய்வுக் குழுவின் டைரக்டர் கதவருகில் வந்து நின்றார்.

"அதையும் கழுவி வச்சிடும்மா. உனக்கும் அதான் நல்லது."

தலையாட்டினேன். நான் எதற்கும் தலையாட்டுகிறவள்தான்.

அவர் போனதும் ஸ்லேட்டைத் திருப்பினேன். பதினாறாவது விலாவின் அளவுக்குக் கீழே, அண்ணனின் குண்டுக் கையெழுத்து: 'நேரம் முடிஞ்சுது. மேல போலாம்.'

அதன் கீழே வேறொரு கையெழுத்து. ஒடுங்கி, வலப்பக்கம் சாய்ந்து: 'இன்னும் ரெண்டுதான்.'

அதற்கும் கீழே பதினேழு, பதினெட்டு. மறுபடியும் அண்ணனின் எண்கள். ஒன்றுகூடத் தப்பில்லை.

குழாயைத் திறந்தேன். பவுடரை உள்ளங்கையில் கொட்டினேன். தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

குழாயை மூடினேன். கையைத் துடைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து 'இன்னும் ரெண்டுதான்' என்று எழுதினேன்.

மேசையில் வைத்து நிதானமாக எழுதியும், அது அதேபோல ஒடுங்கி, வலப்பக்கம் சாய்ந்தது.

ஒரே ஆழம். ஒரே நேரம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடியில் கையெழுத்துப் போட்டு, இரண்டையும் ஒரே உறையில் வைத்தேன்.