ஒரு குமிழிகூட இல்லை

ஆம்பூரில் புதிதாகக் கட்டிய ஐஸ் பேக்டரிக்கு மறுநாள் அமோனியா ஏற்ற வேண்டும். அதற்கு முன் குழாய்களில் காற்றை அடைத்துக் கசிவு பார்க்க மதராஸிலிருந்து குழாய் பிட்டர் சம்பந்தம் வந்திருந்தார். இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவினால், கசியும் இடத்தில் குமிழி கிளம்பும்.

நாற்பது இணைப்புகளிலும் மூன்று தடவை தடவியாயிற்று. ஒரு குமிழிகூட இல்லை. ஆனால் காற்றழுத்தம் காட்டும் மீட்டரின் முள் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

"இன்னும் இன்னாத்துக்குச் சுத்திச் சுத்தி வர்றீங்க? மீட்டர்தான் பேஜாரா இருக்கும்" என்றார் முதலாளி அரங்கநாதன்.

"உள்ளே பத்துப் பேர் வேலை செய்வாங்க முதலாளி. கசிஞ்சா மூச்சு முட்டியே போய்டுவாங்க."

நான்காம் தடவையாகச் சோப்பைக் கரைத்துக் கொண்டுவந்த வேலைக்காரி அம்சவேணி வாளியை வைத்துவிட்டு நின்றாள்.

"இத வெச்சு இன்னா பாக்கறீங்க மேஸ்திரி?"

"குமிழி வருதான்னு பாக்கறேம்மா."

"இந்தக் கெணத்துத் தண்ணியிலயா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தோல் பதனிடுற ஷாப்பு உப்பெல்லாம் இதுலதான் எறங்குது. கட்டி கட்டியா சோப்பு போட்டாலும் நுரைக்காது. துணி துவைக்க நாங்க மழைத் தண்ணியத்தான் புடிச்சு வெக்கிறோம்!"

அவள் வீட்டிலிருந்து ஒரு குடம் மழைத் தண்ணீர் வந்தது. அதில் சோப்பைக் கரைத்துத் தடவியதும் முதல் இணைப்பிலேயே குமிழிகள் பொங்கின.

"அப்பாடா! முடுக்கிட்டா தீர்ந்துச்சு" என்றார் முதலாளி.

சம்பந்தம் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். "பேரணாம்பட்டுக்கு இப்ப பஸ் இருக்கா?"

"அங்க இன்னாய்யா வேலை?"

"அங்கயும் தோல் ஷாப்பு நடுவுலதான் ஐஸ் பேக்டரி. போன மாசம் முள் எறங்குச்சு, குமிழி வரலை. மீட்டரை மாத்திட்டு, கசிவு இல்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."