மடிப்பு விழாத சிறகு

மதிலுக்கு அந்தப் பக்கம் கேளிக்கைப் பூங்காவில் வண்டி ஏறத் தொடங்கியதும், எங்கள் மொட்டை மாடியில் இருந்த அத்தனை பேரும் கைப்பிடிச் சுவரில் வந்து ஒட்டிக்கொண்டோம்.

பைனாகுலர் என்னிடம்தான் இருந்தது. பறவை பார்க்க வாங்கியது என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.

பூங்காக்காரர்கள் மாதக்கணக்கில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த ரோலர் கோஸ்டர் அது. எந்தக் காமிக்ஸ் நாயகன் பெயரில் வருகிறது, தீக்கழுகா பனிப்புலியா என்பதுதான் தெரு முழுக்கப் பேச்சு. தீக்கழுகு வேஷத்துக்கான உரிமை இந்த மாதத்தோடு முடிகிறது, கடலோரத்துப் பெரிய பூங்கா விலை பேசிவிட்டது என்று மூன்றாம் மாடி குமாஸ்தா அடித்துச் சொன்னார். வக்கீல் ஆபீஸில் இருந்து ரிடையர் ஆனவர். எல்லா உரிமையும் அவருக்கு அத்துப்படி, வீட்டுக்குள் வாய் திறக்கும் உரிமையைத் தவிர.

எனக்குப் பனிப்புலி வந்தாலும் ஒன்றுதான், பூனைக்குட்டி வந்தாலும் ஒன்றுதான். என் கவலையெல்லாம் கீழ்வீட்டுக்காரரைப் பற்றி.

அவர் அந்தப் பூங்காவில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். அப்படித்தான் அவர் மனைவி சொல்வாள்.

கணக்குப் பிரிவுக்காரருக்கு ஆளுயரத்தில் இரண்டு சிவப்புச் சிறகு எதற்கு என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. வாரம் ஒரு நாள் அவள் அதைத் துவைத்து, பெட்ஷீட்டுக்குள் மறைத்துக் காயப்போடுவாள். மடித்துப் போட மாட்டாள். முழுக் கொடியும் அவளுக்கே வேண்டும். மடிப்பு விழுந்தால் உரிமைக்காரர்கள் ஆளையே மாற்றிவிடுவார்கள் என்று ஒரு நாள் கொடிச் சண்டையில் அவளே வாயை விட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள். முகமூடி போட்டவர் யாரென்று வெளியே தெரியக் கூடாதாம்.

மிச்சத்தை நானே கண்டுபிடித்தேன். மாடிப்படியில் அவர் பையோடு ஏறும்போது பின்னால் நின்று படபடவென்று கைதட்டிப் பார்த்தேன். மனிதர் பையைக் கீழே விட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். முட்டை அத்தனையும் படியில். பூங்கா மேடையில் வருடக்கணக்கான பழக்கம், கைதட்டல் கேட்டால் கை தானாகவே விரிந்துவிடுகிறது. அதை நினைத்து ஒரு வாரம் சிரித்தேன்.

சிரித்தது சிரித்ததுதான். ஆனால் உரிமை போனால் சிறகு போகும், சிறகு போனால் சம்பளம் போகும். கையில் பால்குடி மாறாத பிள்ளை வேறு.

நேற்று அவள் அழுததும் அதற்காகத்தான் என்று நினைத்தேன். நான் ஒட்டுக் கேட்கவில்லை. சமையலறை ஜன்னல் அவர்கள் ஜன்னலுக்கு நேர் மேலே இருந்தால் நான் என்ன செய்ய? “முடியாதுன்னு சொல்லுங்களேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இன்று சிறகு துவைக்கும் நாள், ஆனால் காலையில் கொடி காலியாக இருந்தது.

வேடிக்கை பார்க்க மாடிக்கே வராதவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

சோதனை ஓட்டத்தில் ஆளை ஏற்ற மாட்டார்கள். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பொம்மைகளைத்தான் உட்காரவைத்து விடுவார்கள். தார்ப்பாயை எடுத்த நாளிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்று மட்டும் கீழே கோட்டுப் போட்டவர்கள் சிலர் கேமராவோடு நின்றார்கள். உரிமைக்காரர்கள், அவர்கள் தலையாட்டினால்தான் தீக்கழுகு இங்கே தங்கும் என்றார் குமாஸ்தா.

முன் இருக்கையில் சிவப்பு தெரிந்தது.

பொம்மைக்குக் கழுகு வேஷம் போட்டிருந்தார்கள். எனக்கே ஒரு நிம்மதி. அவள் தோளை இடித்து, “உங்க வீட்டுக் கணக்குப் பிரிவுக்கு இனி கவலையே இல்லம்மா” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

வண்டி உச்சிக்குப் போய் நின்றது. போட்டோவுக்காக நிறுத்தியிருப்பார்கள்.

பொம்மை வலது கையை உயர்த்தியது.

தண்ணீர்ப் பொம்மை கையை உயர்த்துமா என்ன?

பைனாகுலரைத் திருகித் திருகிப் பார்த்தேன். பின்னால் இருந்த பொம்மைகள் எல்லாவற்றுக்கும் தோளுக்கு மேலாகக் கம்பி இறங்கிப் பூட்டியிருந்தது. முன் இருக்கையில் மட்டும் கம்பி மேலேயே நின்றது. அது இறங்கினால் சிறகு மடங்கும்.

இடது கை இருக்கையின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தது. அந்த ஒரு கைதான் அவரை அங்கே வைத்திருந்தது.

“நம்ம கழுகு எங்கயும் போகலடா!” என்று குமாஸ்தா துள்ளினார். கைதட்டினார். மாடி முழுக்கத் தட்டியது. அடுத்த மாடியும் பிடித்துக்கொண்டது.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

“அக்கா, தட்ட வேணாம்னு சொல்லுங்கக்கா.”

கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். நானும் குஷியில் கத்துகிறேன் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். கீழே கோட்டுக்காரர்களும் தட்டத் தொடங்கினார்கள்.

வண்டி மெல்ல முன்னால் சரிந்தது.

இடது சிறகும் விரிந்தது. எவ்வளவு அழகாக, ஒரு மடிப்புகூட இல்லாமல்.