மாமாவின் முறை

கருங்கல் ஊரிலுள்ள அந்த வீட்டில் மாலை ஜெபத்தின்போது சங்கீதத்தை ஆளுக்கொரு வசனமாக வாசிப்பார்கள். இந்த வாரம் வீட்டுப் பெரியவர் சுந்தரராஜ் எருசலேமில் இருந்தார். பழைய தேவாலயத்தின் படிகளில் உட்கார்ந்து, தினமும் போனிலேயே தன் வசனத்தை வாசித்தார். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். அவர் திரும்பும்வரை, பயணக் காவலுக்கான யாத்திரைச் சங்கீதம் பாதியில் நின்றால் அவருக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று மனைவி சத்தியபாய்க்குப் பயம்.

இன்று சத்தியபாய் வாசித்தார். மருமகள் பெமிலா வாசித்தாள். சுந்தரராஜின் முறை வந்தபோது போனில் சத்தமில்லை.

“நான் வாசிக்கட்டா மாமி?”

“வேண்டாம் மக்கா. அது அவருக்க வசனம்.”

இருவரும் அவருடைய காலிப் பிரம்பு நாற்காலியைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். மின்விசிறி மட்டும் சுற்றியது.

“ஏட்டி, உனக்க முறைல்லா? தூங்கிட்டியா?” என்றார் சுந்தரராஜ் போனில்.

“நீங்க இன்னும் வாசிக்கல்லியே!”

“நான் வாய் திறக்குமுன்ன அங்க ஒருத்தர் வாசிச்சிட்டாரே. ஆரு, நம்ம சபை உபதேசியாரா? அவருக்கு இவ்வளவு நல்ல குரல் கிடையாதே!”

வீட்டில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. ஆனால் நிறுத்தச் சத்தியபாய்க்குப் பயமாக இருந்தது. தன் வசனத்தை வாசித்தார். பெமிலாவும் வாசித்தாள். மறுபடியும் அவர் முறை.

“பேசாதீங்க,” என்றார் சுந்தரராஜ் தணிந்த குரலில். “தொடங்கிட்டாரு.”

பிரம்பு நாற்காலி மெல்ல முனகியது, யாரோ புத்தகத்தின்மேல் குனிவதுபோல.