பல்லவி கோயிலில், சரணம் தெருவில்

பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன.

புது வார்னிஷ் வேறு. போன வாரம்தான் அடித்தார்கள். உட்காரத்தான் ஆளில்லை.

உபதேசியார் மறுபடியும் வாசலைப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை.

முன் பெஞ்சில் நடக்க முடிந்த கிழவர்கள் சிலர். பின் பெஞ்சில் பேராயத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த அம்மாள்.

இந்தச் சபைக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வந்தவர். இல்லை என்று சொல்லிவிட்டால் போச்சு. கதவைப் பூட்டி, டவுன் சபையோடு சேர்த்துவிடுவார்கள்.

இந்த உப்பள ஊரில் ஆராதனை நடத்துவது உபதேசியார்தான். போதகர் எப்போதாவதுதான் எட்டிப் பார்ப்பார்.

வாரம் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கிக் கெஞ்சியிருந்தார். இந்த மாதக் கடைசி ஞாயிறு மட்டும் எல்லாரும் கோயிலுக்கே வந்துவிடுங்கள். பெஞ்சு நிறையட்டும். உங்கள் வழக்கத்தை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் தலையாட்டினார்கள்.

எப்சிபாய் ஒருபடி மேலே போனாள். "நாங்க வந்துருதோம்யா. நீங்க ஏன் கெடந்து தவிக்கீங்க?"

அந்த எப்சிபாயையும் காணோம்.

அடப் பாவிகளா, மானத்தைக் கப்பலேற்றிவிட்டீர்களே!

ஒலிபெருக்கியைப் போட்டார். கோபுரத்துக் குழாய் கரகரத்தது. கீர்த்தனையின் பல்லவியை எடுத்தார். கிழவர்கள் கூடவே பாடினார்கள்.

பல்லவி முடிந்ததும் கிழவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கடைசி ஞாயிறுகளில் அப்படித்தான்.

இன்று அவர் நிறுத்தவில்லை. சரணத்தையும் தானே பாடி ஒப்பேற்றிவிடப் பார்த்தார். முதல் சொல்லிலேயே குரல் பிசிறி, பாட்டு நின்றது.

அந்த அம்மாள் பேனாவைத் திறந்தார்.

அப்போது தெருவிலிருந்து சரணம் வந்தது.

முதலில் கோயிலுக்கு எதிர்வீட்டு மாசிலாமணி. உப்புத் தண்ணீரில் நின்று நின்று கால் போய், கட்டிலோடு கிடக்கிறவர். தொண்டை மட்டும் போகவில்லை. அவர் கட்டிலைச் சுற்றி எப்சிபாயும் அவள் வீட்டாரும்.

அடுத்த வீட்டில் கண் தெரியாத கனகமணி. அவள் பக்கத்தில் இன்னொரு குடும்பம்.

பிறகு மேலத்தெரு.

பிறகு கடற்கரைத் தெரு.

திறந்து கிடந்த கதவுகள் எல்லாவற்றிலிருந்தும் பாட்டு வந்தது.

மாதக் கடைசி ஞாயிறு, கோயிலுக்கு வர முடியாதவர்களிடம் சபையே போய்விடும். ஆளுக்கொரு வீடு. கோயில் பல்லவியைப் பாட, வீடுகள் சரணத்தைப் பாடும். இதைத்தான் ஒரு நாள் விடச் சொல்லியிருந்தார். விடவில்லை.

இந்த ஜனங்களையா வைதோம்!

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கன்னத்தைத் துடைத்துக்கொண்டு பல்லவியைத் திரும்ப எடுத்தார். இந்தத் தடவை குரல் கணீரென்று வந்தது. தெரு அதைவிடச் சத்தமாகப் பதில் கொடுத்தது.

அந்த அம்மாள் எழுந்து போய் ஜன்னலருகே நின்றிருந்தார். பேனா பெஞ்சிலேயே கிடந்தது. சேலைத் தலைப்பு கண்ணில் இருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது எதிர்வாசலில் எப்சிபாய் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"கோவிச்சிக்கிடாதீங்கய்யா. கோயிலுக்குப் பொறப்படத்தான் செஞ்சோம். மாசிலாமணி மாமா விடியக்காலமே வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு காத்துக் கெடக்காவ. எப்பிடி விட்டுட்டு வர?"

அவர் வாயைத் திறக்குமுன் பக்கத்திலிருந்த அம்மாள் கேட்டார்.

"அடுத்த மாசம் எனக்கு எந்த வீடு, உபதேசியாரே?"

உபதேசியார் விறுவிறுவென்று உள்ளே போய் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

அந்த நேரத்தில் மணி அடிக்கிற வழக்கமே கிடையாது.